சுவரும் பந்தியும்: தமிழ்க் கிறிஸ்தவத்தில் சட்டத்தின் எல்லை

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட கத்தோலிக்கத் தேவாலயத்தின் அமைப்பு விசித்திரமானது. கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு நீண்ட கூடங்கள் பீடத்தருகே வந்து சேரும். ஒரு கூடம் வெள்ளாளருக்கு. மற்றது நாடாருக்கும் பிறருக்கும். இடையில் சுவர். பீடத்தில் நின்று பூசை வைக்கும் குருவானவர் இரு பக்கத்தாரையும் பார்க்கலாம். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தார் முகத்தில் விழிக்காமலே நற்கருணை வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.

1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. ஒரு தீர்ப்பு சுவரின் மேல் இருந்த உரிமையைப் பறித்துவிட முடிந்தது. ஆனால் சுவரை எழுப்பிய மனத்தை அது என்ன செய்தது?

இக்கட்டுரையின் கேள்வி இதுதான். ஒரு சமூகத்தின் அறவொழுக்கத்தைச் சட்டம் எதுவரை உருவாக்க முடியும்? கிறிஸ்தவ நம்பிக்கை அந்த எல்லையைப் பற்றி என்ன சொல்கிறது? அப்படிச் சொன்னதை யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள்? தமிழ்த் திருச்சபைகளில் சாதியை ஒழிக்க நடந்த முயற்சிகளை முன்வைத்து இக்கேள்வியை ஆராய முயல்கிறேன். மூன்று நூற்றாண்டுகளாகக் கட்டளை, பொறுமை, நீதிமன்றம், அரசியலமைப்பு என எல்லா வழிகளும் முயன்று பார்க்கப்பட்ட களம் இது.

1. இதுவரையிலான புரிதல்

இத்துறையில் நான்கு பங்களிப்புகளைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. சாதி குறித்து ஆங்கிலோ-சாக்சன் புராட்டஸ்டண்ட் மிஷன்களின் நிலைப்பாடுகள் மாறிவந்த வரலாற்றை டங்கன் ஃபாரஸ்டர் 1980-இல் வெளியான நூலில் தொகுத்தார். மிஷனரிகளின் ஆவணங்களுக்குள் மறைந்துகிடந்த தஞ்சாவூர்ச் சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் குரலை டென்னிஸ் ஹட்சன் 2000-இல் வெளிக்கொணர்ந்தார். வடக்கன்குளம் நிகழ்வுகளைத் தமிழ் வாசகர்முன் விரிவாக வைத்தவர் ஆ. சிவசுப்பிரமணியன். பறையர் பிரச்சினையைச் சமயப் பிரச்சினையாகச் சித்திரித்ததன் மூலம், நிலமும் உழைப்பும் சார்ந்த அடிமைத்தளை கண்ணுக்குத் தெரியாமல் போனதை ரூபா விஸ்வநாத் 2014-இல் எடுத்துக்காட்டினார்.

இவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது இரண்டு விளக்கங்கள் மேலெழுகின்றன. ஒன்று: திருச்சபை உறுதியாகச் சட்டம் போடவில்லை, போட்டிருந்தால் சாதி ஒழிந்திருக்கும். மற்றது: சட்டத்தால் இதயத்தைத் தொட முடியாது, ஆகவே போட்ட சட்டங்கள் தோற்றதில் வியப்பில்லை. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் இரண்டும் ஒரு கேள்வியைக் கேட்க மறக்கின்றன: சட்டத்தின் எல்லை யாருக்கு எங்கே தொடங்குகிறது? சுவருக்கு உள்ளே இருப்பவருக்கும் வெளியே நிறுத்தப்பட்டவருக்கும் அந்த எல்லை ஒன்றாக இருக்க முடியாது.

2. நியாயப்பிரமாணமும் கிருபையும்

சட்டத்தின் போதாமையைப் பற்றிக் கிறிஸ்தவ மரபு பேசத் தொடங்கியது பவுலிடமிருந்து. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் நியாயப்பிரமாணம் பரிசுத்தமானது என்று ஒப்புக்கொள்ளும் அவரே, நன்மை எதுவென்று அறிந்தும் அதைச் செய்ய இயலாத மனிதனின் தவிப்பையும் சொல்கிறார். சட்டம் வழியைக் காட்டும். நடக்கும் வலுவைத் தராது. அகஸ்தீன் 412-இல் எழுத்தையும் ஆவியையும் பற்றி எழுதிய நூலில் இதையே விரித்தார். லூத்தர் சட்டத்துக்கு இரு பயன்கள் சொன்னார். அது தீமைக்கு வேலி. பாவியின் முகத்தைக் காட்டும் கண்ணாடி. கண்ணாடி முகத்தைக் கழுவாது என்பதே அவர் இறையியலின் மையம்.

எனினும் அதே பவுல் இரு சந்தர்ப்பங்களில் நடந்துகொண்ட விதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியைவிட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்தார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இதைச் சொல்கிறது. அங்கே பொறுமைக்கு இடமே இல்லை. மறுபுறம் ஒநேசிமு என்ற அடிமையைத் திருப்பி அனுப்பும்போது அவன் எஜமானாகிய பிலேமோனுக்குப் பவுல் கட்டளையிடவில்லை. கட்டளையிட அதிகாரம் உண்டென்றாலும் அன்பின் பேரில் வேண்டிக்கொள்வதாக எழுதினார். அந்த வேண்டுகோளும் இரகசியக் கடிதமாகப் போகவில்லை. பிலேமோனின் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே அது எழுதப்பட்டது. பிலேமோன் என்ன செய்தார் என்பது நிருபத்தில் இல்லை.

கண்டிப்பு, வேண்டுகோள் என்ற இந்த இரண்டு முறைகளும் தமிழ்நாட்டில் இரண்டு மிஷன் கொள்கைகளாகப் பிரிந்து நின்றதைப் பின்னர் பார்ப்போம்.

இங்கே தாமஸ் அக்வினாஸ் தரும் அளவுகோலும் தேவைப்படுகிறது. மனிதச் சட்டம் எல்லாத் தீயொழுக்கங்களையும் தடைசெய்யக் கூடாது என்றார் அவர். ஏனெனில் அது பெரும்பாலும் நிறைவடையாத மனிதர்களுக்காக இயற்றப்படுவது. கொலை, களவு போலப் பிறருக்குக் கேடு விளைவிப்பவற்றையே அது முதன்மையாகத் தடுக்க வேண்டும். சட்டத்துக்கு எல்லை உண்டு என்போர் இக்கருத்தின் முதற்பாதியை எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் பாதி அதைவிட முக்கியமானது. சாதி என்பது ஒருவர் மனத்துக்குள் இருக்கும் குறையா, அல்லது இன்னொருவர்மீது செய்யப்படும் கேடா? குறை என்றால் அதை உபதேசத்துக்கு விட்டுவிடலாம். கேடு என்றால் அக்வினாஸின் கணக்குப்படியே அது சட்டத்தின் எல்லைக்கு உட்பட்டது.

3. தரங்கம்பாடி: வழக்கமே சட்டமானபோது

புராட்டஸ்டண்ட் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுச்சாவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை வழக்கம் நிலைபெற்றது. முறையான சட்டம் எதுவும் இல்லாமலே ஊர் வழக்கம் ஆலயத்துக்குள் வந்து அமர்ந்துகொண்டது.

அந்த வழக்கத்தின் விலையை ராஜநாயக்கன் என்பவரின் வாழ்க்கை காட்டுகிறது. பறையர் சமூகத்தில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் சிப்பாயாக இருந்து, பின்னர் உபதேசியார் ஆனவர். தஞ்சாவூர்ப் பகுதியில் சபை பரவ அவர் பெரும் காரணம். முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் போதகராக வெள்ளாளரான ஆரோன் 1733-இல் குருப்பட்டம் பெற்றார். ராஜநாயக்கனுக்குப் பட்டம் தருவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, அவர் கையால் வெள்ளாளர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற அச்சம் மேலோங்கியது. அவர் 1771-இல் உபதேசியாராகவே இறந்தார்.

அவருடைய தகுதியை மறுக்கும் விதி ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. மிஷனரிகள் அவரை மதித்தார்கள். அவர் ஊழியத்தைப் புகழ்ந்து ஐரோப்பாவுக்கு எழுதினார்கள். ஆனால் மதிப்பு வேறு, பட்டம் வேறு. இதயங்கள் மாறும்வரை காத்திருக்கலாம் என்ற முடிவின் முழுச் சுமையையும் சுமந்தவர் இதயம் மாற வேண்டியிருந்தவர் அல்லர், ஏற்கெனவே மாறியிருந்தவர். தமிழ்க் கிறிஸ்தவத்தில் பொறுமையின் வரலாற்றை எழுத நினைக்கும் எவரும் இந்தச் செய்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கத்தோலிக்கத் தரப்பில் இதற்கும் முந்திய ஒரு மரபு உண்டு. 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமூக அடையாளங்களே என்று வாதிட்டார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்றார். 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர், நொபிலியின் வழிவந்த மலபார்ச் சடங்குகள் பற்றி இட்ட ஆணை, ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களின் வீடுகளுக்குச் சென்று சாக்கிரமெந்துகளை வழங்கும் கடமையை வலியுறுத்தியது. மறு ஆண்டே புதுச்சேரியில் ஆலயத்துக்குள் இருந்த பிரிவினைச் சுவரை அகற்றியதால் எழுந்த சச்சரவைப் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். ரோமாபுரியின் ஆணை கடல் கடந்து வந்துவிட்டது. ஆலயத்தின் நடுக்கூடத்தைக் கடக்க அதனால் முடியவில்லை.

4. 1833: ஒரு கட்டளையின் கதை

சாதிக்கு எதிரான திருச்சபைச் சட்டத்தின் உச்சம் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833 ஜூலை 5-ஆம் தேதி எழுதிய சுற்றறிக்கை. அவருக்கு முன்பிருந்த ரெஜினால்டு ஹீபர், 1826-இல் திருச்சிராப்பள்ளியில் இறப்பதற்கு முன், சாதியை ஐரோப்பிய சபைகளில் நிலவிய அந்தஸ்து வேறுபாட்டைப் போன்றதாகக் கருதி இளக்கம் காட்ட முனைந்தவர். வில்சன் அதை ஏற்கவில்லை. சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் கைவிடப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். இருக்கையில் வேறுபாடு கூடாது. திருவிருந்து பெறும் வரிசையிலும் கூடாது.

சென்னை வேப்பேரியில் நூற்றுக்கணக்கானோர் ஆலயத்தைவிட்டு வெளியேறினார்கள். தஞ்சாவூரில் எதிர்ப்பு இன்னும் ஆழமாக இருந்தது. 1835 ஜனவரியில் வில்சனே தஞ்சாவூருக்கு வந்து பேச வேண்டியதாயிற்று.

எதிர்த்தவர்களில் முதன்மையானவர் வேதநாயகம் சாஸ்திரியார். தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸின் மாணவர், சரபோஜி மன்னரின் பள்ளித் தோழர், கிறிஸ்தவத் தமிழ்க் கீர்த்தனை மரபின் பெரும் கவிஞர். வில்சனுக்கு முன்பே, 1829-இல், புதிய மிஷனரிகளின் கெடுபிடிகளை எதிர்த்து அவர் எழுதியிருந்தார். தங்கள்மீது இழைக்கப்பட்ட நான்கு கொடுமைகளை அவர் எண்ணிச் சொன்னார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது, வெவ்வேறு சாதியாரைத் திருவிருந்தில் கலக்கக் கட்டாயப்படுத்தியது, விழாக்களில் பூவை விலக்கியது, வழிபாட்டிலிருந்து தமிழ்க் கீர்த்தனையை அகற்றியது.

இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் சாதிப் பெருமையின் முனகலாகத் தோன்றலாம். அப்படி ஒதுக்குவது நியாயமாகாது. பூவும் பாட்டும் பழகிய வேதவாக்கும் ஒரு மக்களின் பக்திக்கு உயிர். அவற்றைப் பறித்ததில் அந்நிய அதிகாரத்தின் முரட்டுத்தனம் இருந்தது. ஆனால் அந்த நியாயமான மூன்று குறைகளோடு திருவிருந்தில் கலக்கும் கட்டாயமும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. மல்லிகையை இழப்பதும் பறையரோடு அமர்வதும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. தன் பண்பாட்டைக் காக்கும் உரிமையும் பிறனைத் தள்ளிவைக்கும் உரிமையும் அங்கே பிரிக்க முடியாதபடி பின்னிக்கொண்டன. அந்தப் பின்னலை அவிழ்க்கும் பொறுமை கட்டளையிட்டவர்களுக்கும் இல்லை; எதிர்த்தவர்களுக்கும் இல்லை.

வில்சனின் கட்டளை ஏன் தடுமாறியது? சட்டம் இதயத்தைத் தொடாது என்ற பொதுவான பதில் போதாது. மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, கட்டளையிட்டவர் தம் மக்களின் பிரிவினையைக் கேள்விக்கு உட்படுத்தவில்லை. ஆங்கிலேயருக்கும் தமிழருக்கும் இடையே இருந்த சமூகத் தொலைவு அப்படியே இருக்க, தமிழருக்குள் இருந்த தொலைவு மட்டும் பாவமென்று அறிவிக்கப்பட்டது. தன்னைத் தவிர்த்துப் பிறரை மட்டும் கட்டும் சட்டம் கீழ்ப்படிதலைப் பெறலாம், நம்பிக்கையைப் பெறாது.

இரண்டாவது, அந்தச் சட்டத்தின் கை எட்டிய இடம் குறுகியது. மிஷன் சம்பளத்தில் இருந்த உபதேசியாரையும் ஆசிரியரையும் அது கட்டுப்படுத்த முடிந்தது. வீட்டை, திருமணத்தை, நிலத்தை அதனால் தொட முடியவில்லை. ஞாயிறு காலை ஒரே பாயில் அமர்ந்தவர்கள் திங்கள் காலை பண்ணையாரும் பண்ணையாளுமாக வயலில் எதிரெதிரே நின்றார்கள்.

மூன்றாவது, ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. வாதம் முழுவதும் அத்தியட்சருக்கும் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்தது. யாருக்காகச் சட்டம் வந்ததோ அவர்கள் அந்த வாதத்தில் பேசுபொருளாக மட்டுமே இருந்தார்கள்.

ஆயினும் கட்டளை வீண்போனது என்று சொல்ல நான் தயாராக இல்லை. லூத்தரின் சொல்லை எடுத்துக்கொண்டால், அது கண்ணாடியாக வேலை செய்தது. ஒரு நூற்றாண்டாக வழக்கம் என்ற போர்வைக்குள் இருந்ததை முகமறியச் செய்தது. 1833-க்குப் பின், இது எங்களுக்குத் தெரியாது என்று எந்தச் சபையும் சொல்ல முடியாமல் போனது.

5. பொறுமையின் இறையியல்

வில்சனின் வழியைப் பிற மிஷன்கள் தொடர்ந்தன. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் 1847-இல் சாதியைத் துறந்ததற்குச் சான்றாகச் சமபந்தி விருந்தில் உண்ண வேண்டும் என்று தன் ஊழியரைக் கேட்டது. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சாதியைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. விலகி நின்றவர்கள் தரங்கம்பாடி மரபின் வாரிசுகளான லைப்சிக் லூத்தரன் மிஷனார்.

அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் சாமானியர் அல்லர். தமிழை ஆழ்ந்து கற்றவர். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். ஆன்மிக ஆட்சி, உலக ஆட்சி என இரண்டு ஆட்சிகள் உண்டு என்ற லூத்தரின் கோட்பாட்டில் அவர் வாதம் வேரூன்றியிருந்தது. சாதி உலக ஆட்சியைச் சேர்ந்த சமூக ஒழுங்கு. அதைச் சட்டத்தால் அறுத்தெறிவது சுவிசேஷத்தைச் சட்டமாக்குவதாகும். சுவிசேஷம் புளித்த மாவைப் போல உள்ளிருந்து மெல்ல வேலை செய்யும். ஆங்கிலச் சபைகளிலிருந்து வெளியேறிய சாதிக் கிறிஸ்தவர் பலருக்கு லூத்தரன் சபை புகலிடமானது.

இந்த வாதத்தின் அழகை மறுக்க முடியாது. வற்புறுத்திப் பெறும் அன்பு அன்பாகாது என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை. மதுரைப் பந்தியில் வேலை போய்விடும் என்ற பயத்தால் ஒரு கவளம் விழுங்கிய உபதேசியார் சகோதரத்துவத்தை விழுங்கிவிடவில்லை. கிரவுல் இந்த ஆபத்தைச் சரியாகவே கண்டார்.

அவர் காணத் தவறியது வேறொன்று. புளித்த மாவு உவமையில் காத்திருப்பது மாவு. தமிழ்நாட்டில் காத்திருந்தவர்கள் மனிதர்கள். லூத்தரின் கோட்பாட்டிலும் உலக ஆட்சியின் முதற்கடமை எளியவனை வலியவனிடமிருந்து காப்பதுதான். சாதி உலக ஆட்சியைச் சேர்ந்தது என்றால், அதனைச் சட்டத்துக்கு உட்படுத்த அதுவே காரணமாகியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. ஆன்மிகக் காரியமல்ல என்று சபை கைவிட்டது; சமயக் காரியம் என்று காலனிய அரசு கைவிட்டது. இரண்டு வாசலும் மூடிய வீதியில் ஒடுக்கப்பட்டவர் நின்றார்.

பவுலின் இரு முகங்கள் இவ்வாறு பிரிந்தன. வில்சனிடம் அந்தியோகியாவின் கண்டிப்பு இருந்தது. கண்டிப்பவனும் அதே பந்தியில் உண்பவனாக இருக்க வேண்டும் என்ற தகுதி அவரிடம் இல்லை. கிரவுலிடம் பிலேமோன் நிருபத்தின் மென்மை இருந்தது. அந்நிருபம் சபையின் காதில் விழும்படி எழுதப்பட்டது என்பதையும், ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்கும்படி கேட்டது என்பதையும் அவர் வழி மறந்துவிட்டது.

6. சுவர் இடிந்த பின்

வடக்கன்குளம் வழக்குக்குத் திரும்புவோம். 1916-இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு தனி இடம் கோரிய உரிமையை ஏற்கவில்லை. சட்டத்தின் வெற்றி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். அன்று வரை மறுகூடத்தில் நின்றவருக்கு, பக்கத்தில் அமர்பவர் தன்னை நேசிக்கிறாரா என்பது முதற்கேள்வி அல்ல. தான் எங்கே அமரலாம் என்பதே முதற்கேள்வி. அந்தக் கேள்விக்குச் சட்டத்தால் பதில் சொல்ல முடிந்தது. சட்டம் மனத்தை மாற்றாது என்ற புலம்பல் பெரும்பாலும் ஏற்கெனவே நல்ல இருக்கையில் அமர்ந்திருப்பவர்களிடமிருந்து வருவதை நாம் கவனிக்க வேண்டும்.

அதே வேளையில் சுவர் இடம் மாறும் தன்மையுடையது. ஆலயத்தின் நடுவில் இடிந்தால் கல்லறைத் தோட்டத்தில் முளைக்கும். அங்கும் இடித்தால் தேர் போகும் தெருவில், சவ ஊர்வலத்தின் வழியில், திருவிழாக் கமிட்டியின் வரிப் பட்டியலில் தென்படும். மணமகள் தேவை விளம்பரத்தில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயர் இடம்பெறும்.

2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் நடந்தவை இதன் கடுமையான வடிவம். வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மோதலில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தனர். அந்தப் போராட்டத்தில் தலித் மக்கள் முன்வைத்த கோரிக்கைதான் நம் கேள்வியின் ஆழத்தைக் காட்டுகிறது. தங்களுக்கெனத் தனிப் பங்குத்தளம் வேண்டும் என்றார்கள். நூறாண்டுகளுக்கு முன் மேலோர் கேட்டது பிரிவினை. இப்போது அதைக் கேட்பவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள். உருவத்தில் ஒன்றுபோலத் தோன்றினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னது பிறரை விலக்கும் சுவர். பின்னது அவமானத்திலிருந்து ஒதுங்கும் கூரை. ஒரே பந்தி என்ற விதியை எந்திரம்போலப் பிரயோகித்தால் இந்த வேறுபாடு தெரியாது. சட்டம் செயலைப் பார்க்கிறது. செயலுக்குள் இருக்கும் வலியைப் பார்க்க வேறொரு கண் வேண்டும்.

7. சட்டம் நம்பிய வாக்கு

இதுவரை பார்த்தது சட்டம் நம்பிக்கையை எட்ட முடியாமல் நின்ற கதை. சட்டம் நம்பிக்கையை அளவுக்கு மீறி நம்பிய கதை ஒன்றும் இருக்கிறது.

அரசியலமைப்பின் 17-ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1950-இல் வெளியான குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை, அந்தத் தகுதியை இந்துக்களுக்கு உரியதாக வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. ஆகவே 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் தலித் கிறிஸ்தவருக்கு இல்லை.

இந்த விலக்கின் பின்னுள்ள தருக்கம் எளியது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை. ஆகவே கிறிஸ்தவரானவர் சாதியின் கொடுமையை விட்டு வெளியேறிவிட்டார். அதாவது, யூதனென்றும் கிரேக்கனென்றும் அடிமையென்றும் வேறுபாடில்லை என்ற பவுலின் அறிவிப்பை அரசு நடந்தேறிய செய்தியாக எடுத்துக்கொண்டது. சபை தன் நம்பிக்கையாகச் சொன்னதை, சட்டம் சபையின் நிலவரமாகப் பதிவுசெய்தது. அந்த இடைவெளியில் விழுந்தவர்கள் தலித் கிறிஸ்தவர்கள். ஊர் அவர்களைச் சாதியால் ஒதுக்கியது. ஒதுக்கப்படவில்லை என்று சட்டம் சொன்னது.

1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சூசை வழக்கில் இது தெளிவாக வெளிப்பட்டது. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைக்கும் ஒருவர், அரசு இலவசமாகத் தரும் கடை தமக்குக் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. கிறிஸ்தவச் சமூகத்துக்குள்ளும் அதே அளவிலான கொடுமை தொடர்வதற்குச் சான்று வேண்டும் என்றது நீதிமன்றம். போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடியானது.

அந்தச் சான்று யாரிடம் இருந்தது? திருச்சபையிடம்தான். சுவர்களைக் கட்டியதும் இடித்ததும், கல்லறைகளைப் பிரித்ததும் அதன் பதிவேடுகளில் இருந்தன. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை சாதி வேறுபாட்டுக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று 1982-இல் அறிவித்தது. சபைக்குள் தீண்டாமை நடைமுறையில் இருப்பதை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. முந்தியது ஒரு விதி. பிந்தியது ஒரு பாவ அறிக்கை. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இத்தகைய கோரிக்கைகளுக்கு வலுச் சேர்ப்பது விதியைவிட அறிக்கையே. சாதி கூடாது என்று திருச்சபை எத்தனை முறை சொன்னாலும், அது சாதி இல்லை என்பதற்கான சான்றாகவே எதிர்த்தரப்பால் வாசிக்கப்படும். சாதி இருக்கிறது, நாங்கள் அதைச் செய்தோம் என்ற வாக்குமூலம் மட்டுமே ஒடுக்கப்பட்டவரின் கையில் உரிமையாக மாறும்.

8. முடிவுரை

இந்த ஆய்விலிருந்து மூன்று முடிவுகளுக்கு வருகிறேன்.

சட்டத்துக்கு எல்லை உண்டு என்பது உண்மை. ஆனால் அது ஒடுக்கியவருக்கு ஒரு தொலைவிலும் ஒடுக்கப்பட்டவருக்கு வேறொரு தொலைவிலும் இருக்கிறது. ராஜநாயக்கனுக்கு ஒரு விதி இருந்திருந்தால் அவர் போதகராக இறந்திருப்பார். அவர் கையால் வாங்க மறுத்தவர்களின் மனம் மாறியிருக்காவிட்டாலும். ஆகவே சட்டத்தின் எல்லையைப் பற்றிய பேச்சை, அந்த எல்லைவரை சட்டத்தைக் கொண்டு சென்ற பிறகே தொடங்கும் உரிமை நமக்கு உண்டு.

இரண்டாவது, இதயம் மாற வேண்டும் என்ற கிறிஸ்தவ உண்மை, சட்டத்துக்கு மாற்றாக முன்வைக்கப்படும்போது பொய்யாகிவிடுகிறது. சட்டம் செய்யக்கூடியதைச் செய்து முடித்த பின்னும் மீதம் இருப்பதைப் பற்றிப் பேசும்போதுதான் அது உண்மையாகிறது. அந்த மீதம் சிறியதல்ல. உறவு, திருமணம், துக்க வீடு, பந்தி எல்லாம் அதற்குள் அடங்கும்.

மூன்றாவது, அறத்தை உருவாக்குவதில் திருச்சபையின் தனிப்பங்கு இன்னொரு கட்டளை போடுவதில் இல்லை. கட்டளை போடுவதை அரசு அதைவிட நன்றாகச் செய்யும். பாவத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது திருச்சபைக்கு மட்டுமே உரிய மொழி. ஒவ்வொரு ஞாயிறும் திருவிருந்துக்கு முன் சபையார் பாவ அறிக்கை செய்கிறார்கள். பந்திக்குப் போகும் வழி அதன் ஊடாகத்தான் செல்கிறது. அந்த அறிக்கை பொதுவான சொற்களில் முடிந்துவிடாமல், எங்கள் கல்லறைத் தோட்டத்தின் சுவர், எங்கள் வீட்டுத் திருமணங்கள், நாங்கள் பட்டம் தர மறுத்த மனிதர்கள் என்று இடமும் பெயரும் சொல்லத் தொடங்குமானால், அது இதயத்துக்கும் பயன்படும், நீதிமன்றத்துக்கும் பயன்படும்.

பிலேமோன் தன் அடிமையைச் சகோதரனாக ஏற்றாரா என்பது நிருபத்தில் எழுதப்படவில்லை என்றேன். பவுல் கேட்டதற்கான பதில் ஒரு வீட்டின் பந்தியில் சொல்லப்பட வேண்டியதாக இருந்தது. தமிழ்நாட்டின் ஆலயங்களில் அதே கேள்வி முந்நூறு ஆண்டுகளாகப் பதிலுக்குக் காத்திருக்கிறது.